புது பிஸ்டலில் கீறல்... கம்பெனி கண்டுக்கலைனா? அமெரிக்காவில் துப்பாக்கி வாரண்டி எப்படி வேலை செய்கிறது?

புதுசா வாங்கிய போனில் கீறல் இருந்தால் என்ன செய்வோம்? பில்லை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவோம். "மாத்திக் கொடுங்க" என்போம். கடைக்காரர் முணுமுணுத்தாலும் பல நேரம் வேலை நடந்துவிடும்.

அதே கீறல் ஒரு பிஸ்டலில் இருந்தால்?

துப்பாக்கியை லட்சக்கணக்கானவர்கள் கடையில் வாங்கும் அமெரிக்காவில் இது கற்பனைக் கேள்வி கிடையாது. அங்கே ஒரு சாதாரண கைத்துப்பாக்கியே 500, 600 டாலர் ஆகும். பேர் பெற்ற மாடல் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். கோல்ட் நிறுவனம் தன் புகழ்பெற்ற 'பைத்தான்' ரிவால்வரை 2020ல் மறுபடி கொண்டு வந்தபோது அறிவித்த விலை 1,499 டாலர்.

இவ்வளவு கொடுத்து வாங்கி, டப்பாவைத் திறந்தால் ஓரத்தில் கருப்புப் பூச்சு விட்டுப்போய் உள்ளே இரும்பு பளிச்சென்று தெரிகிறது. சுடுமா? சுடும். குறி தப்புமா? தப்பாது. ஆனால் கொடுத்த காசுக்கு இதுவா என்று மனசு கேட்குமா? கம்பெனிக்குப் புகார் எழுதினால் "துப்பாக்கியின் செயல்பாட்டில் குறை எதுவும் இல்லை" என்று பதில் வருவதும் உண்டு.

பதில் ஒரு வரிதான். அந்த ஒரு வரியோடு கம்பெனி ஏன் நிறுத்திக்கொள்ள முடிகிறது என்பதற்குப் பின்னால் 50 ஆண்டு சட்டக் கதை இருக்கிறது.

வாரண்டி கார்டே தராத கம்பெனி

அமெரிக்காவின் பெரிய துப்பாக்கி நிறுவனங்களில் ஒன்று ரூகர். 1949ல் தொடங்கிய கம்பெனி. இதன் துப்பாக்கியோடு வாரண்டி கார்டு வராது. மறந்துபோய் விடவில்லை, தெரிந்தேதான் வைப்பதில்லை. ஏன் வைக்கவில்லை என்று கம்பெனியே விளக்கமும் கொடுக்கிறது. காரணமாக அது காட்டுவது ஒரு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை!

1975ல் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் பெயர் மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம். வாரண்டி என்ற பெயரில் பொடி எழுத்தில் எதையாவது எழுதி வாடிக்கையாளரை ஏமாற்றக்கூடாது என்பதற்காக வந்தது. எழுத்தில் வாரண்டி கொடுத்தால் அது 'முழு' வாரண்டியா, 'வரையறுக்கப்பட்ட' வாரண்டியா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். முழு வாரண்டி என்றால் பொறுப்பு அதிகம். இலவசமாகச் சரிசெய்து தரணும். பல முறை முயன்றும் சரியாகவில்லை என்றால் பணமா, மாற்றுப் பொருளா என்பதை வாடிக்கையாளரே தேர்வு செய்வார்.

ஆனால் இந்தச் சட்டம் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. வாரண்டி கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கம்பெனியையும் அது கட்டாயப்படுத்தவில்லை. கொடுத்தால் விதிகள் உண்டு, கொடுக்காவிட்டால் விதிகள் கிடையாது. அதனால் ரூகர் எடுத்த முடிவு: எழுத்தில் எதுவுமே வேண்டாம்.

அப்போ ரூகர் ரிப்பேர் செய்து தராதா? தரும். சொல்லப்போனால், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மத்தியில் அந்தக் கம்பெனியின் சர்வீஸுக்கு நல்ல பேர்தான். எழுதிக் கொடுத்த வாக்குறுதி எதுவும் இல்லாமலே அது நடக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மற்ற கம்பெனிகள்? க்ளாக் ஒரு வருட வரையறுக்கப்பட்ட வாரண்டி தருகிறது. ஸ்மித் அண்ட் வெஸன் கைத்துப்பாக்கிகளுக்கு முதலில் வாங்கியவரின் ஆயுள் முழுக்க சர்வீஸ் என்கிறது. "முதலில் வாங்கியவர்" என்ற சொல்லைக் கவனிக்கணும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு அந்த உரிமை தானாக வந்துவிடாது.

இந்த வாரண்டிகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர் 'மூலப்பொருளிலோ வேலைப்பாட்டிலோ உள்ள குறை'. கீறல் வேலைப்பாட்டுக் குறையா, இல்லையா? வாடிக்கையாளர் ஆமாம் என்பார். கம்பெனி, ஃபேக்டரியில் ஏற்பட்டது என்றால் பார்க்கலாம், பயன்படுத்தித் தேய்ந்தது என்றால் முடியாது என்னும். எது ஃபேக்டரியில் ஏற்பட்டது என்று யார் முடிவு செய்வது? கம்பெனியின் டெக்னீஷியன்தான்.

அரசு தலையிடாதா?

மிக்ஸி, சைக்கிள், பொம்மை எதுவாக இருந்தாலும் அமெரிக்காவில் ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது. நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். 1972ல் வந்த சட்டத்தால் உருவானது. ஆனால் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் அந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுவிட்டன. தோட்டா விஷயத்தில் ஆணையம் கை வைக்கப் பார்க்கிறதோ என்ற பேச்சு எழுந்தபோது, 1976ல் நாடாளுமன்றம் அந்தக் கதவையும் சட்டத் திருத்தம் போட்டு மூடியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிறுவர்கள் விளையாடும் குண்டுத் துப்பாக்கி, அதாவது காற்றழுத்தத்தில் இயங்கும் 'பிபி கன்', இந்த ஆணையத்தின் அதிகாரத்துக்குள் வருகிறது. 2001ல் டெய்சி என்ற பிபி கன் தயாரிப்பாளர் மீது ஆணையம் வழக்கே போட்டது. ஆனால் நிஜத் தோட்டாவைச் சுடும் பிஸ்டலில் குறை என்றால் அதே ஆணையத்தால் ஒரு உத்தரவும் போட முடியாது.

ஏடிஎஃப் என்ற அமைப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அது லைசென்ஸ், விற்பனைப் பதிவு, கடத்தல் ஆகியவற்றைப் பார்க்கும். துப்பாக்கியின் தரம் அதன் வேலை இல்லை.

அதனால்தான் துப்பாக்கி விஷயத்தில் அரசு உத்தரவால் நடக்கும் ரீகால் என்பது கிடையாது. கம்பெனி தானாக முன்வந்தால் உண்டு. சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் கீழே விழும்போது சில கோணங்களில் சுட்டுவிடலாம் என்ற சர்ச்சை 2017ல் வெடித்தபோது, அந்த நிறுவனம் அறிவித்தது ரீகால் அல்ல, 'தன்னார்வ மேம்பாட்டுத் திட்டம்'. விருப்பம் உள்ளவர்கள் அனுப்பலாம், மாற்றித் தருகிறோம் என்றார்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்திலேயே இதுதான் நிலை. பூச்சு உதிர்ந்ததற்கு யார் வரப்போகிறார்கள்?

எது குறை, எது குறையே இல்லை?

புகார் எழுதும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டியது இது. புதிதாக வாங்கியவர்கள் ஏமாறுவதும், சில நேரம் தேவையில்லாமல் கொதிப்பதும் இங்கேதான்.

புது பிஸ்டலின் உள்ளே கரி படிந்திருக்கிறதா? "பழசைக் கொடுத்து ஏமாத்திட்டாங்க" என்று பதற வேண்டாம். பெரிய கம்பெனிகள் துப்பாக்கியை வெளியே அனுப்பும் முன்பு சுட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கரி அதன் அடையாளம். ஸ்லைடு முன்னும் பின்னும் ஓடும் இடத்தில் மெல்லிய தேய்மானக் கோடுகள் இருப்பதும் இதே கணக்குதான்.

ஸ்லைடின் உள்பக்கத்தில் கடைசல் இயந்திரத்தின் தடம் தெரிவதும் சகஜம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மெருகு போட கம்பெனிகள் காசு செலவழிப்பதில்லை. விலை குறைந்த மாடலில் இதை யாரும் குறையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது, உரிமையாளர் கையாலேயே வருவது. 1911 வகை பிஸ்டலைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மாட்டும்போது, ஸ்லைடு ஸ்டாப் என்ற சின்ன நெம்புகோலைக் கவனமில்லாமல் உள்ளே தள்ளினால் ஃப்ரேமின் இடது பக்கத்தில் வளைவாக ஒரு கீறல் விழும். இதற்கு அங்கே வைத்திருக்கும் பெயர் 'இடியட் ஸ்க்ராட்ச்', முட்டாள் கீறல்! அந்தக் கீறலைக் காட்டி வாரண்டி கேட்டால் சர்வீஸ் சென்டரில் சிரிப்பார்கள். அதே மாதிரி, நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கியை அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் முலாம் உரியலாம். உறையில் போட்டு எடுத்து எடுத்து முனை தேய்வதும் கம்பெனிக் கணக்கில் வராது.

நிஜமான ஃபேக்டரிக் குறை என்பது வேறு மாதிரி இருக்கும். பூச்சு அடியில் குழிகள், வார்ப்பில் விழுந்த பள்ளம், ஸ்லைடுக்கும் ஃப்ரேமுக்கும் நிறம் சேராமல் இருப்பது, கோணலாகப் பதிந்த எழுத்து, பார்வைக் குறி நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பது. கடைசியில் சொன்னதை அழகுக் குறை என்று தள்ளிவிட முடியாது, அது குறி சம்பந்தப்பட்டது.

நிறம் என்றதும் ஒரு கிளைக்கதை. ரூகரின் சில பழைய துப்பாக்கிகள் காலப்போக்கில் கருநீலத்திலிருந்து நாவல்பழ நிறத்துக்கு மாறிவிட்டன. வார்ப்புக்குப் பயன்படுத்திய உலோகக் கலவையும், நிறமேற்றும் ரசாயனக் குளியலும் ஒத்துப்போகாததால் வந்த வினை என்கிறார்கள். ஃபேக்டரியின் பார்வையில் அது குறை. ஆனால் இன்று சேகரிப்பாளர்கள் அந்த ஊதா நிறத்தைத் தேடிப் போய், கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

கவுண்டரில் அந்த ஐந்து நிமிடம்

சரி, உண்மையாகவே ஃபேக்டரிக் குறைதான். வாங்கியவருக்குச் சட்டத்தில் என்ன பலம் இருக்கிறது?

அமெரிக்காவில் பொருள் விற்பனைக்கென்று ஒரு மாதிரிச் சட்டம் உண்டு. சீரான வணிகச் சட்டத் தொகுப்பு. லூசியானா தவிர மற்ற மாநிலங்கள் அதன் விற்பனைப் பகுதியை ஏற்றிருக்கின்றன. எழுத்தில் வாரண்டி இல்லாவிட்டாலும், விற்கும் பொருள் அதன் வழக்கமான வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற மறைமுக வாரண்டியை இது கொடுக்கிறது. ஆனால் இங்கே அழகுக் குறைக்குப் பெரிய இடம் இல்லை. அந்தத் தொழிலில் உள்ளவர்கள் மறுப்பு சொல்லாமல் ஏற்கும் பொருளாக இருந்தால் போதும். சுடுகிற பிஸ்டல் அந்தத் தேர்வில் பாஸாகிவிடும்.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. வாங்குபவர் பொருளை 'ஏற்றுக்கொள்ளும்' முன்பு, அது பேசியபடி எந்த வகையில் இல்லாவிட்டாலும் நிராகரிக்கலாம். 'எந்த வகையில்' என்பதில் கீறலும் அடங்கும். ஏற்றுக்கொண்ட பிறகு அளவுகோல் மாறிவிடும். அந்தக் குறை பொருளின் மதிப்பைக் கணிசமாகக் கெடுக்கிறது என்று காட்டினால்தான் திருப்பித் தர முடியும்.

முதல் நிமிடத்தில் சின்னக் கீறலே போதும். பிறகு பெரிய குறையைக் காட்ட வேண்டும். இதே விதி போனுக்கும் சட்டைக்கும் உண்டுதான். துப்பாக்கியில் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

லைசென்ஸ் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவர் படிவம் 4473 என்ற அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும். பின்னணிச் சோதனை நடக்கும். 1998 நவம்பரிலிருந்து இதற்கென்று தேசிய அளவில் உடனடிச் சோதனை முறை இருக்கிறது. சோதனை முடிந்து துப்பாக்கி கைமாறியதும், கடைக்காரர் தன் பதிவேட்டில் இன்ன சீரியல் நம்பர் இன்னாருக்குப் போனது என்று எழுதுகிறார். அடுத்த நாள் அதைத் திருப்பிக் கொண்டு வந்தால் மறுபடி உள்ளே வந்ததாக எழுதணும். ஒருமுறை வாடிக்கையாளரிடம் போய் வந்ததைக் கடைகள் பொதுவாகச் செகண்ட் ஹேண்ட் கணக்கில்தான் விற்கும். ஒரு தோட்டா கூடச் சுட்டிருக்க வேண்டாம். அதனால்தான் பல துப்பாக்கிக் கடைகளில் "விற்றது விற்றதுதான்" என்று போர்டு தொங்குகிறது.

சட்டப்படி பார்த்தால் பொருளைப் பரிசோதிக்க நியாயமான அவகாசம் உண்டு, வீட்டுக்குப் போன பிறகும் நிராகரிக்கலாம் என்று வாதாடலாம். ஆனால் கடையோடு வாதாடுவது வேறு, கோர்ட்டில் வாதாடுவது வேறு.

ஆன்லைனில் வாங்கினால் இது இன்னும் சிக்கல். இணையதளம் வாங்குபவரின் வீட்டுக்குத் துப்பாக்கியை அனுப்பாது. ஊரிலிருக்கும் லைசென்ஸ் கடைக்குத்தான் அனுப்பும். வாங்குபவர் அங்கே போய்ப் படிவம் நிரப்பி எடுக்கணும். அந்தக் கடைக்காரர் விற்றவர் அல்ல, கைமாற்றிக் கொடுப்பவர் மட்டும்தான். அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் படிவம் நிரப்பும் முன்பு டப்பாவைத் திறந்து பார்த்து, "இது வேண்டாம், திருப்பி அனுப்புங்க" என்றால் சட்டப்படி துப்பாக்கி இன்னும் கைமாறவில்லை. அது வந்த வழியே திரும்பிப் போகலாம். படிவத்தை முதலில் நிரப்பிவிட்டு, சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் துப்பாக்கியைப் பார்ப்பவர்கள் உண்டு. வரிசையை மாற்ற வேண்டியது அங்கேதான்.

இன்னொன்று. 15 டாலருக்கு மேலான பொருள்களின் எழுத்து வாரண்டியை, வாங்கும் முன்பே படிக்கக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி. கடையில் கேட்டுப் படிக்கலாம். 2015ல் வந்த திருத்தத்தால் கம்பெனிகள் அதை இணையத்திலும் வைக்கலாம். கவுண்டரில் நின்றுகொண்டே போனில் தேடிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அதில் பூச்சு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

திருப்பி அனுப்புவதே பெரும்பாடு

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் குறை கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கடையை விட்டுவிட்டு கம்பெனியிடம் போக வேண்டும். பார்சல் கட்டி போஸ்ட் ஆபீஸில் கொடுத்துவிடலாமா?

மறைத்து வைக்கக்கூடிய கைத்துப்பாக்கியைப் பொதுமக்கள் அஞ்சலில் அனுப்பத் தடை போட்ட சட்டம் 1927லேயே வந்துவிட்டது. தனியார் கூரியர் மூலம் அனுப்பலாமா என்றால், ரிப்பேருக்காக உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்கு உரிமையாளரே அனுப்ப மத்திய சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் 2022ல் யுபிஎஸ், ஃபெட்எக்ஸ் இரண்டுமே விதிகளை இறுக்கிவிட்டன. உரிமம் உள்ள வணிகங்களின் கணக்கில் வரும் துப்பாக்கிப் பார்சல்களைத்தான் எடுக்கிறார்கள்.

இதனால்தான் கம்பெனி அனுப்பும் ரிட்டர்ன் லேபிள் என்ற அந்த ஒரு காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு. லேபிள் வந்தால், கம்பெனியின் கணக்கில், கம்பெனியின் செலவில் துப்பாக்கி போகும். "இது வாரண்டியில் வராது" என்று லேபிள் தர மறுத்தால், உரிமையாளர் ஊரிலுள்ள துப்பாக்கிக் கடைக்காரரைப் பிடித்து, காசு கொடுத்து, அவர் பெயரில் அனுப்பணும். ஒரு கீறலுக்காக இவ்வளவு செலவா என்று பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள்.

ஆனால் சில நேரம் முழுத் துப்பாக்கியை அனுப்பவே வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. சட்டத்தின் கண்ணில் 'துப்பாக்கி' என்பது சீரியல் நம்பர் பதிந்த ஒரு பாகம்தான். க்ளாக் பிஸ்டலில் அது பிளாஸ்டிக் ஃப்ரேம், அதில் பதித்த சின்ன உலோகத் தகட்டில் நம்பர் இருக்கும். பி320ல் அது உள்ளே இருக்கும் உலோக இயக்கப் பெட்டி. வெளியே கையில் பிடிக்கும் பிளாஸ்டிக் கைப்பிடி வெறும் உதிரி பாகம். அதனால் ஒரே மாதிரிக் கீறல் பிளாஸ்டிக்கில் விழுந்தால், பி320க்காரர் கைப்பிடியை மட்டும் சாதாரணப் பார்சலாக அனுப்பிவிடலாம். க்ளாக்காரர் துப்பாக்கியையே அனுப்பணும். ஸ்லைடும் குழலும் மத்திய சட்டத்தில் தனியாகத் துப்பாக்கி ஆகாது. ஸ்லைடில் பூச்சு உதிர்ந்திருந்தால், அதை மட்டும் கழற்றி அனுப்பலாமா என்று கம்பெனியிடம் கேட்பதில் தப்பில்லை.

முழுசாக அனுப்புவதென்றால் சில எளிய விஷயங்கள். தோட்டா ஒன்றுகூட உள்ளே இருக்கக்கூடாது. பிறகு வாங்கி மாட்டிய டாட் சைட், கைப்பிடித் தகடு போன்றவற்றைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. அனுப்பும் முன்பு சீரியல் நம்பரும் குறையும் தெரிகிற மாதிரி, பகல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைக்கணும். போகும் வழியில் புதுக் கீறல் விழுந்தால் அந்தப் போட்டோதான் சாட்சி.

வேறு கம்பெனி பாகம் மாட்டியிருந்தால் வாரண்டி போய்விடுமா? அப்படிச் சொல்லிப் பயமுறுத்துவது துப்பாக்கித் துறையில் மட்டும் இல்லை. தன் பாகங்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டியில் நிபந்தனை போட்டதற்காக 2022ல் ஹார்லி டேவிட்சன் மீதே ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. மாட்டிய பாகத்தால்தான் குறை வந்தது என்றால் கம்பெனி மறுக்கலாம். ட்ரிகரை மாற்றியதற்காக ஸ்லைடு பூச்சுக்கு வாரண்டி இல்லை என்பது நிற்காது.

"எல்லாம் அளவுக்குள்தான் இருக்கு"

அனுப்பியாச்சு. என்ன நடக்கும்? பாகத்தை மாற்றித் தரலாம், மறுபடி பூச்சு போட்டுத் தரலாம், அல்லது "நிர்ணயித்த அளவுக்குள்தான் இருக்கிறது" என்று அப்படியே திருப்பி அனுப்பலாம்.

மறுபூச்சு கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு முதலில் பழைய பூச்சை எடுத்து, மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றணும். அதிகம் தேய்த்தால் விளிம்புகள் மழுங்கும், பதித்த எழுத்துகள் மங்கும். சீரியல் நம்பர் குறைந்தது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆழம் இருக்க வேண்டும் என்பது அரசு விதி. அந்த நம்பரை அழிப்பது தனிக் குற்றம். அதனால் நம்பர் இருக்கும் இடத்தில் யாரும் தைரியமாகக் கை வைக்க மாட்டார்கள். க்ளாக் ஒரே நம்பரை ஃப்ரேம், ஸ்லைடு, குழல் மூன்றிலும் பதிக்கிறது. ஸ்லைடை மட்டும் மாற்றும்போது புதியதில் எந்த நம்பர் வரும் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளணும். பின்னாளில் விற்கும்போது நம்பர் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு.

முழுத் துப்பாக்கியையே மாற்றித் தந்தால்? அதே வகைத் துப்பாக்கி என்றால், அனுப்பியவருக்கே கம்பெனி நேரடியாக அனுப்ப மத்திய சட்டம் இடம் கொடுக்கிறது. மறுபடி படிவம் 4473 தேவையில்லை. சில மாநிலங்களின் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

காத்திருக்கும் காலம் தனி எரிச்சல். தற்காப்புக்கென்று ஒன்றே ஒன்று வாங்கியவர், அது ஃபேக்டரியில் கிடக்கும் வாரங்களில் வெறுங்கையோடு இருப்பார். கலிஃபோர்னியாவில் மட்டும் 1970லிருந்து ஒரு வலுவான வாரண்டி சட்டம் இருக்கிறது. எழுத்தில் வாரண்டி கொடுத்த பொருளைப் பொதுவாக 30 நாளுக்குள் சரிசெய்து தரணும் என்கிறது அது. மற்ற பல இடங்களில் 'நியாயமான காலம்' என்ற வார்த்தைதான். நியாயம் யாருக்கு எவ்வளவு என்பதற்கு வரையறை கிடையாது.

மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டால்? வழக்குப் போட்டு ஜெயித்தால் வக்கீல் செலவையும் கம்பெனியிடம் வாங்க மேக்னசன்-மாஸ் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் மத்திய நீதிமன்றத்துக்குப் போக குறைந்தது 50,000 டாலர் மதிப்பு வேண்டும். 600 டாலர் பிஸ்டலின் கீறலுக்கு அது நடக்கிற காரியமா? மிஞ்சுவது வக்கீல் இல்லாமலே போகக்கூடிய சிறுவழக்கு நீதிமன்றம். டெக்சாஸில் 20,000 டாலர் வரை அங்கே கேட்கலாம். அங்கேயும் நீதிபதி கேட்கப்போகும் முதல் கேள்வி, "துப்பாக்கி சுடுகிறதா?" என்பதாகத்தான் இருக்கும்.

அதனால் அனுபவசாலிகள் புகாரை எழுதும் விதமே வேறு. "ரொம்ப அசிங்கமா இருக்கு" என்று எழுதினால் அது ரசனைப் பிரச்சனை ஆகிவிடும். "பூச்சு விட்டுப்போன இடத்தில் துரு பிடிக்கத் தொடங்கிவிட்டது" என்று எழுதினால்? பூச்சின் வேலை அழகு மட்டும் இல்லை, துருவைத் தடுப்பதும்தான். நாலு விரல் அகலத்தில் வியர்வை படும் இடத்தில் பூச்சு இல்லை என்பது வேலைப்பாட்டுக் குறை. பொய் சொல்லத் தேவையில்லை, உண்மையைச் சரியான பக்கத்திலிருந்து சொன்னால் போதும். வாங்கிய தேதி, பில், எத்தனை தோட்டா சுட்டது, படங்கள் எல்லாம் முதல் மெயிலிலேயே இருந்தால் பேச்சு குறையும்.

கீறலா, விரிசலா?

இதுவரை சொன்னது எல்லாம் அழகுக் குறை அழகுக் குறையாகவே இருக்கும் வரைக்கும்தான். மெல்லிய கோடு ஒன்று கீறலாகவும் இருக்கலாம், விரிசலின் தொடக்கமாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

அமெரிக்க ராணுவம் 1985ல் பெரெட்டா பிஸ்டலை எம்9 என்ற பெயரில் தேர்ந்தெடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில், மிக அதிகமாகச் சுட்ட சில பிஸ்டல்களில் ஸ்லைடு நடுவில் உடைந்து, பின்பாதி பறந்து வந்து சுட்டவர்களின் முகத்தில் அடித்தது. காயமடைந்தவர்களில் கடற்படையின் சீல் வீரர்களும் உண்டு. தோட்டாவின் அழுத்தம் அதிகம் என்று ஒரு தரப்பும், உலோகம் சரியில்லை என்று மறுதரப்பும் மாறி மாறிக் குற்றம்சாட்டின. கடைசியில், ஸ்லைடு உடைந்தாலும் பின்னால் பறக்காதபடி தடுக்க உள்ளே ஒரு பின்னின் தலையைப் பெரிதாக்கி டிசைனையே மாற்றினார்கள்.

ஸ்லைடிலோ குழலிலோ கோடு தெரிந்தால், துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது முதல் வேலை. மெல்லிய எண்ணெய் பூசித் துடைத்த பிறகும் அந்தக் கோட்டிலிருந்து எண்ணெய் கசிந்து வந்தால் அது மேலோட்டமான கீறல் இல்லை என்று சந்தேகிக்கலாம். குழல் ஓரிடத்தில் உப்பினாற்போல் இருந்தாலும் அதே எச்சரிக்கைதான். அதன் பிறகு ஒரு தோட்டா கூடச் சுடக்கூடாது. கம்பெனிக்கு எழுதும்போது 'கீறல்' என்ற வார்த்தையே வரக்கூடாது. 'விரிசல் என்று சந்தேகிக்கிறேன், சுடுவதை நிறுத்திவிட்டேன்' என்று தேதி போட்டு எழுதணும். அழகுக் குறைக்கு லேபிள் தரத் தயங்கும் அதே கம்பெனிகள், இந்த மாதிரிக் கடிதத்துக்கு வேகமாகப் பதில் போடக் காரணம் உண்டு. எச்சரித்த பிறகும் அசட்டையாக இருந்து ஒருவர் காயமடைந்தால், அது 600 டாலர் வழக்காக இருக்காது.